வயிற்றுச் சத்திரசிகிச்சை: கத்திக்கு முன்னும் பின்னும்

பிள்ளைப்பேற்றினாலோ உடல் மெலிந்ததனாலோ தளர்ந்துபோன வயிற்றைச் சத்திரசிகிச்சையினாற் சீர்செய்து கொள்ளும் வழக்கம் மேனாட்டாருக்கே உரியது என்றிருந்த காலம் கடந்துவிட்டது. ஆங்கிலத்திற் பேச்சுவழக்கில் ‘டம்மி டக்’ என்றும், வைத்திய நூல்களில் ‘அப்டொமினோபிளாஸ்டி’ என்றும் வழங்கும் இச்சிகிச்சை இன்று நம்மவர் வீடுகளிலும் பேசப்படுகின்றது.

அவ்வாறு பேசப்படும்போது இருவகைக் கூற்றுக்கள் நம் செவியில் விழுகின்றன. “பிள்ளை பெற்ற வயிறு அப்படித்தான் இருக்கும், இதற்கும் ஒரு கத்தியா?” என்பது ஒன்று. “ஒருநாள் படுத்தெழும்பினாற் பத்துக் கிலோ குறைந்துவிடுமாம்” என்பது மற்றொன்று. முன்னது இதனை வெறும் அலங்காரமென எண்ணுகிறது. பின்னது எடை குறைக்கும் குறுக்குவழியென எண்ணுகிறது. இரண்டும் பிழையே. ஆயினும் இவ்விரண்டினும் பெரிய பிழை ஒன்றுண்டு. சத்திரசிகிச்சை வைத்தியசாலைக்குள் தொடங்கி வைத்தியசாலைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது என்று வீட்டார் நினைத்துக் கொள்வதே அது. கத்தியின் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். அதன் பின்னர் வரும் 6 கிழமைகளை வீடுதான் நடத்தியாக வேண்டும். அக்கிழமைகளை ஒரு தாய்க்கு விட்டுக்கொடுக்க இயலாத வீடு அவளைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பாதிருப்பதே நன்று என்பது நமது துணிபு. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

வயிற்றுச் சுவரில் நிகழ்வது யாது?

வயிற்றின் முற்புறத்தில், மார்பெலும்பின் கீழிருந்து அடிவயிற்றெலும்பு வரை, இரண்டு நீண்ட தசைகள் பக்கம் பக்கமாக இறங்குகின்றன. உடற்பயிற்சி வீரரின் வயிற்றிற் கட்டுக்கட்டாகத் தோன்றுவன இவைதாம். இவ்விரண்டையும் நடுவே பிணைத்து நிற்பது வெண்ணிறமான ஓர் இழையப் பட்டி. உயிரியல் பயிலும் மாணவர்கள் இதனை வெண்கோடு என்பர். கருப்பை வளர வளர இப்பட்டி அகன்று மெலிகிறது. தசைகள் இரண்டும் விலகிக் கொடுக்கின்றன. குழந்தைக்கு இடந்தருவதற்காக இயற்கை செய்த ஏற்பாடு இது. பிரசவத்தின் பின்னர் பெரும்பாலான தாய்மாருக்குச் சில மாதங்களில் இவ்விலகல் குறைந்துவிடுகிறது. சிலருக்குக் குறைவதில்லை. இரட்டைப் பிள்ளைகளைச் சுமந்தோரிடத்தும், பலமுறை கருவுற்றோரிடத்தும் இது மிகுதி. ஏறத்தாழ 2 சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட இடைவெளி நிலைத்துவிடின் அதனைத் தசைவிலகல் என வைத்தியர் கொள்வர். மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும்போது வயிற்றின் நடுவே வீட்டு முகடு போல் ஒரு மேடு எழுவது இதன் அடையாளம்.

தோலின் கதை வேறு. இறப்பர்ப் பட்டியை அளவுக்கு மீறி இழுத்து நெடுநாள் வைத்திருந்தால் அது பழைய அளவுக்குத் திரும்பாதன்றோ? தோலிலுள்ள மீள்தன்மை மிக்க நார்களும் அவ்வாறே அறுந்துபோகின்றன. தசையை உடற்பயிற்சியால் வலுப்படுத்தலாம்; கொழுப்பை உணவுக் கட்டுப்பாட்டாற் குறைக்கலாம்; அறுந்த தோல்நாரை எந்தப் பயிற்சியாலும் ஒட்ட முடியாது. 100 கிலோவிலிருந்து 65 கிலோவுக்கு இறங்கிய ஓர் ஆடவரின் வயிற்றிலும் தோல் மடிப்பாகத் தொங்குவதும், மடிப்பினுள் வியர்வை தங்கிப் புண்ணாவதும் இதனாலேயே. ஆகவே இச்சிகிச்சையை வெறும் ஒப்பனையென இகழ்வது பொருந்தாது.

நம் முன்னோர் பிள்ளை பெற்றவளுக்கு வயிறு கட்டி விட்டனர். அக்கட்டு தளர்ந்த வயிற்றைத் தாங்கி, எழவும் நடக்கவும் ஆறுதல் தந்தது உண்மை. ஆயின் அகன்றுவிட்ட வெண்கோட்டைச் சேர்க்கும் ஆற்றல் அதற்கில்லை. தசைவிலகல் உள்ள தாய் முதலில் இயன்மருத்துவர் ஒருவரிடம் முறையான பயிற்சிகளைப் பயின்று பல மாதங்கள் செய்து பார்த்தல் வேண்டும். பலருக்கு அதுவே போதுமாகிவிடும். கத்தி பற்றிய பேச்சு அதற்குப் பிறகே.

இனி, எடை பற்றிய மயக்கத்தைத் தீர்த்துவிடுவோம். வெட்டியெடுக்கப்படும் தோலும் அதன் கீழுள்ள கொழுப்பும் சாதாரணமாகச் சில கிலோவுக்குள் அடங்கிவிடும். குடலைச் சூழ்ந்து உள்ளே படிந்திருக்கும் கொழுப்பைச் சத்திரசிகிச்சை நிபுணர் தொடுவதேயில்லை. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் துணைபோவது அந்த உட்கொழுப்பேயாம். ஆதலால் உடல் பருத்தவருக்கு இது மருந்தன்று. எடையை முதலிற் குறைத்து, குறைந்த எடையிற் பல மாதங்கள் நிலைத்து நின்றவருக்கே இது பயன் தரும்.

தொப்புளின் வரலாறு

வயிற்றுத் தோலை வெட்டிக் குறைக்கும் சத்திரசிகிச்சை நூற்றாண்டுக்கு மேற்பட்ட பழமையுடையது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் பணியாற்றிய ஹவர்ட் கெலி என்னும் மகப்பேற்று நிபுணர் 1899 இல் இவ்வாறான சிகிச்சை ஒன்றை விவரித்தார். அக்காலத்தவரின் நோக்கம் அழகன்று. நடக்கவொட்டாது தொங்கிய வயிற்றின் பாரத்தை நீக்குவதே. தொப்புளைக் காப்பது அவர்களுக்குப் பெரிய காரியமாகத் தோன்றவில்லை. வெட்டிய தோலோடு அதுவும் போய்விடுவதுண்டு. தொப்புளைத் தன் காம்பிலேயே விட்டுவைத்து, இறக்கிய தோலில் அதற்கெனப் புதிய துவாரம் அமைக்கும் முறையை 1957 இல் வேர்னன் என்பார் விளக்கி எழுதினார். இன்று செய்யப்படும் முழுச் சிகிச்சையிலும் அவ்வாறே தொப்புள் இருந்த இடத்தில் இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள தோல்தான் கீழே இறங்குகிறது. வெளியிலிருந்து பார்ப்போர் தொப்புள் இடம் மாறியதாக எண்ணுவர்.

இத்துறையிற் புகழ் பெற்றவர் பிரேசில் நாட்டு வைத்தியர் இவோ பிதாங்கி. 1961 டிசம்பரில் றியோ டி ஜெனீரோவுக்கு எதிர்க்கரையிலுள்ள நித்தெரோய் நகரில் ஒரு சேர்க்கஸ் கூடாரம் தீப்பற்றிச் சிறுவர் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டபோது, எரிகாயமுற்றோருக்குச் சிகிச்சை அளிப்பதில் முன்னின்றவர் அவர். செல்வர்களின் முகங்களைத் திருத்திப் பேரும் பொருளும் ஈட்டிய அவர், றியோவின் பழைய தரும வைத்தியசாலை ஒன்றில் ஏழைகளுக்கும் அதே சிகிச்சையை அளிக்கும் பிரிவை நடத்தினார். தம் தோற்றத்தால் மனம் நொந்து வாழாதிருக்கும் உரிமை வறியவருக்கும் உண்டு என்பது அவர் கொள்கை. 300 வயிற்றுச் சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 1967 இல் அவர் வெளியிட்ட கட்டுரை இத்துறையினர் இன்றும் எடுத்துக் காட்டுவது. 2016 ஆகஸ்டில், றியோ ஒலிம்பிக் தீபத்தை ஏந்திச் சென்ற மறுநாள் அவர் காலமானார்.

இன்றைய முறையைச் சுருங்கச் சொல்லின், முழு மயக்கத்தில், இரண்டு முதல் நான்கு அல்லது ஐந்து மணித்தியாலம் வரை நடைபெறும் பெரிய சத்திரசிகிச்சை இது. ஓர் இடுப்பிலிருந்து மறு இடுப்பு வரை, உள்ளாடைக்குள் மறையுமாறு அடிவயிற்றிற் கீறி, தோலையும் கொழுப்பையும் விலா வரை உயர்த்தி, விலகிய தசைகளை நடுவிற் சேர்த்துத் தைத்து, தோலைக் கீழிழுத்து மிகுதியை வெட்டி மூடுவர். தொப்புளுக்குக் கீழே மட்டும் தளர்ச்சியுள்ளோருக்குச் சிறிய கீறலோடு முடியும் சிறு சிகிச்சையும் உண்டு. வயிற்றிலுள்ள வெண்வரித் தழும்புகளுள் வெட்டப்படும் தோலில் உள்ளவையே போகும். தொப்புளுக்கு மேலுள்ளவை கீழே இறங்கி நிற்கும். இதனை முன்னரே அறியாதோர் பின்னர் ஏமாற்றமடைகின்றனர்.

முன்னேற்பாடு

இன்னும் பிள்ளை பெற விரும்புவோர் காத்திருத்தலே தகும். சத்திரசிகிச்சையின் பின் கருவுறுதல் இயலாததன்று. ஆயினும் தைத்த தசையும் இறக்கிய தோலும் மீண்டும் விரிந்து, பட்டபாடு வீணாகும். பிரசவித்தோர் குறைந்தது ஆறு மாதமேனும், தாய்ப்பால் நிறுத்திய பின்னரும், பொறுத்திருத்தல் வேண்டும்.

முதலிற் செய்யவேண்டியது தகுந்த நிபுணரைத் தெரிதல். அவர் இலங்கை மருத்துவச் சபையிற் பதிவுபெற்றவரா, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையிற் சிறப்புப் பயிற்சி உடையவரா, சிகிச்சை நடைபெறும் இடத்தில் மயக்கமருந்து நிபுணரும் தீவிர சிகிச்சை வசதியும் உண்டா என்று கேட்பதற்குக் கூச்சப்படலாகாது. கேள்வி கேட்டமைக்காகக் கோபிக்கும் வைத்தியரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். மலிவு கருதி வேற்று நாட்டுக்குப் பறந்து சென்று, சிகிச்சை முடிந்த சில நாட்களிலே நீண்டநேர விமானப் பயணத்தில் திரும்பிவருவது ஆபத்தானது. ஏன் என்பது பின்னர் விளங்கும்.

வைத்தியரிடம் எதையும் மறைத்தலாகாது. பித்தப்பைச் சத்திரசிகிச்சைக்காக வலப்பக்க விலாவின் கீழ் வெட்டிய பழைய தழும்பு உள்ளவர் அதைக் கட்டாயம் காட்டவேண்டும். உயர்த்தப்படும் தோலுக்குக் குருதி வரும் வழியை அத்தழும்பு முன்பே துண்டித்திருக்கக் கூடும். உட்கொள்ளும் மருந்துகள் யாவற்றையும் ஒரு தாளில் எழுதிச் செல்லல் நன்று. அஸ்பிரின், இபுபுரொபென் போன்றவை குருதி உறைதலைத் தாமதப்படுத்துவன. மீனெண்ணெய், விற்றமின் ஈ, உள்ளிச் சாரக் குளிகை, நாட்டு வைத்தியச் சூரணம் ஆகியவற்றை “அது மருந்தல்லவே” என்று விட்டுவிடுவோர் பலர், அவற்றையும் எழுதுக. கருத்தடைக் குளிகை குருதி உறையும் இயல்பை மிகுவிப்பது. எடை குறைப்பதற்காக இக்காலத்திற் போடப்படும் செமகுளூட்டைட் போன்ற ஊசிமருந்து இரைப்பை வெறுமையாவதைத் தாமதிப்பதால், மயக்கமருந்து நிபுணர் அதை அறிந்திருத்தல் அவசியம். எதை நிறுத்துவது, எப்போது நிறுத்துவது என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். இருதய நோய்க்கென அஸ்பிரின் எடுப்பவர் தாமாகவே அதை நிறுத்திவிடுவது ஒரு ஆபத்தை நீக்க மற்றொன்றை அழைப்பதாகும்.

புகையிலையைப் பற்றிச் சற்று விரித்துக் கூறவேண்டும். உயர்த்திய தோலின் கீழ்விளிம்பு, தன் குருதியை நெடுந்தூரத்திலிருந்து மெல்லிய குழாய்களினூடாகப் பெறுகிறது. வாய்க்காலின் கடைமடை போன்றது அது. நீர் குறைந்தால் முதலிற் காய்வதும் அதுவே. நிக்கொட்டின் அக்குழாய்களைச் சுருக்கிவிடும். கடைமடைத் தோல் கறுத்து இறந்துபோவதற்கு அதுவே போதும். ஆதலாற் சிகிச்சைக்கு முன் குறைந்தது 4 கிழமையும் பின் 4 கிழமையும் புகைத்தலை அறவே விடுமாறு நிபுணர்கள் வற்புறுத்துவர். நம் பெண்கள், “நான் சிகரெட் பிடிப்பதில்லையே” என்று விடை கூறிவிடுவர். வெற்றிலையோடு போடும் புகையிலைத் துண்டை யார் நினைக்கிறார்கள்? அதிலும் அதே நிக்கொட்டின்தான். வைத்தியரும் பெரும்பாலும் கேட்பதில்லை, நாமே சொல்லிவிடவேண்டும். வீட்டு விறாந்தையிற் சுருட்டுப் புகைக்கும் பெரியவரும் அக்காலத்தில் முற்றத்துக்குச் செல்வாராக.

குருதியிற் செம்மை குறைந்திருப்பின் அதை முன்னரே நிறைவு செய்துகொள்ள வேண்டும். நீரிழிவுள்ளோர் சீனியின் அளவைக் கட்டுக்குள் கொணராதவரை நாள் குறிக்கவே கூடாது. முதல்நாள் உணவு பற்றி வைத்தியசாலையார் கூறுவதை எழுத்துக்கு எழுத்துக் கைக்கொள்ள வேண்டும். பொதுவாகத் திண்ணிய உணவை 6 மணித்தியாலத்துக்கு முன்னும், தெளிந்த நீரை 2 மணித்தியாலத்துக்கு முன்னும் நிறுத்துவர். கந்தசஷ்டி ஆறுநாளும் உபவாசம் இருந்து பழகியோர் நம்மிடையே உளர். அவர்கள், “இரண்டு நாளாகவே ஒன்றும் உண்ணவில்லை” என்று பெருமையோடு கூறிச் சத்திரசிகிச்சைக்குப் போவது நன்மையன்று. புண் ஆறுவதற்கு வேண்டிய பொருள் உடலில் இருந்தாகவேண்டும்.

வீட்டை ஆயத்தம் செய்தல்

இதுகாறும் கூறியவற்றை வைத்தியசாலையிலும் சொல்லித் தருவர். இனிக் கூறுவன குடும்பத்தார் தாமே கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டியவை.

சிகிச்சைக்குப் பின் 6 கிழமை வரை, ஏறத்தாழ 4 அல்லது 5 கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைத் தூக்கலாகாது என்பது பெரும்பாலான நிபுணர்களின் விதி. இதை ஒரு வீட்டின் கணக்கில் வைத்துப் பார்ப்போம். நிறைந்த வாளித் தண்ணீர் 10 கிலோ. இரண்டு வயதுக் குழந்தை ஏறத்தாழ 12 கிலோ. அடுப்புக்கு மாற்றும் வாயுச் சிலிண்டரின் வாயு மட்டும் பன்னிரண்டரைக் கிலோ. இரும்பின் பாரம் வேறு. சோறு வடிக்கும் பெரிய பானை, நனைந்த போர்வை, கிணற்றுக் கயிறு, அம்மிக் குழவி என எதை எடுத்தாலும் விதி மீறப்படும். அதாவது, வழக்கமான இல்லத்தரசி ஒருத்தி காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையிற் செய்யும் வேலைகளுள் ஒன்றைத்தானும் அவள் செய்யலாகாது.

உள்ளே தைத்த தசை வெளியே தெரிவதில்லை. இதுவே தொல்லை. பத்தாம் நாள் அவள் எழுந்து முற்றத்தில் நடப்பாள், முகம் தெளிந்திருக்கும். “பிள்ளை, தேங்காயை மட்டும் திருவித் தந்துவிட்டுப் போய்ப் படன்” என்பார் மாமி. “ஓம் மாமி” என்று மருமகள் திருவலையில் அமர்வாள். மாமியின் மனத்தில் வஞ்சமில்லை. மருமகளுக்கோ மறுத்துச் சொல்ல வாயில்லை. தையல் அறுவதற்கு அது போதும். ஆதலால் இவ்வுரையாடல் சிகிச்சைக்கு முன்னரே, கணவர், மாமி, தாயார், வளர்ந்த பிள்ளைகள் ஆகிய எல்லோரும் இருக்கையில் நடந்துவிட வேண்டும். யார் சமைப்பது, யார் தண்ணீர் அள்ளுவது, யார் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோவது, இரவில் யார் அறையிற் படுப்பது என்பவற்றைப் பெயர் குறித்து முடிவு செய்தல் நன்று. “எல்லோரும் பார்த்துக் கொள்வோம்” என்பது ஒருவரும் பார்க்காமைக்கு மறுபெயர். கணவர் அலுவலகத்தில் எடுக்கும் விடுமுறை இரண்டு நாளோடு முடியலாகாது. முதற் கிழமை முழுவதும் அவர் வீட்டில் இருத்தல் வேண்டும்.

படுக்கை தரையிலிருந்து உயர்ந்த கட்டிலாக இருக்கட்டும். பாயிற் படுத்தெழுவது இக்காலத்துக்கு ஒவ்வாது. முதுகுக்கும் தலைக்கும் இரண்டு மூன்று தலையணைகளும் முழங்காலின் கீழ் ஒன்றும் வைத்து, இடுப்பு மடிந்த நிலையிற் படுக்கவேண்டும். நேராகப் படுத்தாற் கீறிய இடம் இழுபடும். குந்தியெழும் மலசலகூடமாயின், உயரமான இருக்கை ஒன்றை இரவலாகவேனும் பெற்று வைத்தல் நன்று. வேண்டிய பொருள்கள் இடுப்பளவு உயரத்தில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். சிறு குழந்தை தாயிடம் ஓடிவருவதைத் தடுக்க முடியாது. தாய் அமர்ந்திருக்க, மற்றொருவர் குழந்தையைத் தூக்கி அவள் பக்கத்தில் இருத்துவதே வழி.

வீடு திரும்பிய பின்

முதற் கிழமை கூனி நடக்கும் கிழமை. இழுத்துத் தைத்த தோல் இளகும்வரை நிமிர்ந்து நடக்க இயலாது, முயலவும் வேண்டா. மெல்ல மெல்ல நிமிரலாம். இருமும்போதும் தும்மும்போதும் வயிற்றில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்தால் நோவு குறையும். எழும்போது ஒருபக்கம் சரிந்து, கையை ஊன்றி எழவேண்டும்.

தோலுக்கும் தசைக்கும் இடையிற் கசியும் நீரை வெளியேற்ற, மெல்லிய குழாய் ஒன்றோ இரண்டோ வைத்து, அதன் நுனியிற் சிறு குமிழ் ஒன்றைப் பொருத்தி அனுப்புவர். பார்ப்பதற்கு அருவருப்பாயினும் இதனைக் கையாளல் எளிது. தாதியிடம் முன்பே கற்றுக்கொண்டு, கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, குமிழில் சேர்ந்ததை நாள்தோறும் அளந்து ஒரு கொப்பியில் எழுதி வைக்க வேண்டும். பாடசாலையில் விஞ்ஞானம் பயிலும் மகனோ மகளோ இப்பொறுப்பை ஏற்கலாம். செந்நிறமாக வருவது நாளடைவில் வைக்கோல் நிறமாக மாறிக் குறையும். 24 மணித்தியாலத்தில் ஏறத்தாழ 30 மில்லிலீற்றருக்குக் கீழ் இறங்கிய பின்னரே குழாயை எடுப்பது பலரின் வழக்கம். குழாய் எடுத்தபின் வயிற்றினுள் நீர் தேங்கித் தளதளப்பது இச்சிகிச்சையில் மிகச் சாதாரணமாக நேரும் உபாதை. வைத்தியர் ஊசியால் அதை உறிஞ்சி எடுத்துவிடுவார். இறுகிய உள்ளங்கி ஒன்றை ஏறத்தாழ 6 கிழமை இரவும் பகலும் அணியச் சொல்வர். நமது வெப்பத்தில் அது பெரும் சோதனை. மாற்றி அணிய இரண்டு வாங்கிக்கொள்க.

இனி மேலே விட்டுவைத்த ஆபத்தைக் கூறுவோம். குருதி நாளத்தினுள் உறைவதற்கு மூன்று காரணங்கள் உண்டு: ஓட்டம் தளர்தல், நாளச் சுவர் ஊறுபடல், குருதியின் உறையும் இயல்பு மிகுதல். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜேர்மனிய அறிஞர் விர்ச்சோவின் பெயரால் இம்மூன்றும் வழங்குகின்றன. வயிற்றுச் சத்திரசிகிச்சையில் மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. நீண்ட மயக்கம், மடிந்த இடுப்பு, தசையை இறுக்கியதால் வயிற்றினுள் உயர்ந்த அமுக்கம் ஆகியவை கால்களிலிருந்து மேலேறும் குருதியைத் தடைசெய்கின்றன. கெண்டைக்காலில் உறைந்த கட்டி பிரிந்து சுவாசப்பையை அடைந்தால் மரணம் நிகழலாம். அழகு கருதிச் செய்யப்படும் சத்திரசிகிச்சைகளுள் இவ்வாபத்து மிகுந்தவற்றில் இது முன்னிற்கிறது. சிகிச்சை நடந்த அன்று மாலையோ மறுநாளோ தாதியர் எழுப்பி நடக்கச் செய்வது கொடுமையினாலன்று, இக்காரணம் பற்றியே. வீட்டிலும் பகலில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அறைக்குள்ளேனும் சில நிமிடம் நடக்கவேண்டும். படுத்திருக்கையிற் பாதங்களை மேலும் கீழும் அசைத்துக் கொண்டிருத்தல் வேண்டும். குருதி உறையாதிருக்க ஊசி தரப்பட்டிருப்பின் ஒருநாளும் தவறலாகாது. பாரம் தூக்காதே என்பதை “அசையாதே” என விளங்கிக்கொண்டு, அன்பினாலே நோயாளியைக் கட்டிலோடு கட்டிவைக்கும் உறவினரும் உளர். அவ்வன்பு உயிருக்குக் கேடு.

ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டையில் நோவு, திடீரென மூச்சு முட்டுதல், மார்பு வலி, இருமலில் குருதி ஆகியவற்றுள் ஒன்றைக் கண்டாலும் பொழுது விடியட்டும் எனக் காத்திராது 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய வண்டியை வரவழைக்க வேண்டும். இவ்வாபத்து வீடு திரும்பிச் சில கிழமைகள் வரையும் நேரக்கூடும் என்பதை மறத்தலாகாது. காய்ச்சல், காயத்தின் துர்நாற்றம், வயிற்றின் ஒருபக்கம் திடீரெனப் புடைத்தல், அடிவயிற்றுத் தோல் கறுத்தல் என்பனவும் அன்றே வைத்தியரிடம் காட்டவேண்டியவை.

பத்தியம் பற்றிய பூசல் எந்த வீட்டிலும் எழும். கத்தரிக்காயும் இறாலும் கணவாயும் கிரந்தி, மீன் புண்ணை ஆற்றாது, முட்டை சீழ் வைக்கும் என்று ஒவ்வொன்றாக விலக்கி, ஈற்றில் நோயாளிக்கு எஞ்சுவது கஞ்சியும் துவையலுமே. புதிய இழையம் புரதத்தினால் ஆவது. ஒவ்வாமை இல்லாதவர் மீன், முட்டை, பருப்பு, பயறு, பால் ஆகியவற்றைத் தாராளமாக உண்ணல் வேண்டும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாவும் முருங்கையிலையும் ஊட்டிய நம் பாட்டிமாரின் அறிவை இங்கும் கைக்கொள்ளலாம். கடும் நோவு மருந்துகள் மலச்சிக்கலை உண்டாக்கும்; முக்கினால் தையல் வருந்தும். பப்பாசிப்பழமும் கீரையும் நிறைய நீரும் வேண்டும். பரசிற்றமோல் 500 மில்லிகிராம் குளிகை நாளொன்றுக்கு எட்டுக்கு மேற்படலாகாது. தடிமல் மருந்துகளிலும் அது கலந்திருப்பதை நோக்குக. காயத்தின்மேல் மஞ்சளோ எண்ணெயோ பூசலாகாது.

இரண்டாம் கிழமையிற் பல பெண்கள் காரணமின்றி அழுவர். வயிறு முன்னிலும் வீங்கித் தோன்றும். கண்ணாடியிற் கூனிய உருவம் தெரியும். ‘ஏன் செய்தோம்’ என்ற எண்ணம் எழும். “நீயாகத் தேடிக் கொண்டதுதானே” என்னும் ஒரு சொல் அவ்வேளையிற் கத்தியினும் ஆழமாக இறங்கும். வீக்கம் வடிய மூன்று மாதமும், உருவம் நிலைபெற ஆறு முதல் பன்னிரண்டு மாதமும் செல்லும் என்பதை முன்னரே கணவரும் மனைவியும் சேர்ந்து கேட்டறிந்திருப்பின் இத்துயர் பாதியாகும்.

மேசையில் அமர்ந்து செய்யும் பணிக்கு இரண்டு முதல் நான்கு கிழமையில் திரும்பலாம். நெடுநேரம் நின்று கற்பிக்கும் ஆசிரியை இன்னும் சிறிது பொறுத்தல் நன்று. பாரம் தூக்கும் வேலையும் கடும் பயிற்சியும் 6 முதல் 8 கிழமையின் பின், வைத்தியரின் அனுமதியோடு தொடங்கலாம். நல்லூரிலே அடியழிக்க நேர்த்தி வைத்திருப்போர் அவ்வாண்டு அதை ஒத்திவைத்து, நின்று கும்பிடலாம்; விழுந்து விழுந்து எழுவது வயிற்றுத் தசையையே வேலை வாங்குவது.

தழும்பு முதலிற் சிவந்து தடித்து, ஓராண்டு ஒன்றரை ஆண்டிலே மங்கும். நம் போன்ற கருநிறத் தோலினருக்குத் தழும்பு தடித்து வளரும் இயல்பு மிகுதி. காது குத்திய இடத்தில் அவ்வாறு வளர்ந்தவர் அதை முதற்சந்திப்பிலேயே கூறவேண்டும். புண் நன்கு மூடிய பின் ஒட்டும் சிலிக்கோன் தகடு சிலருக்கு உதவுகிறது. தொப்புளுக்குக் கீழே தோல் மரத்திருப்பது பல மாதம் நீடிக்கும். நரம்புகள் மெல்லவே மீண்டு வளர்கின்றன, ஓரிடத்தில் மரப்பு நிலைத்தும் விடலாம். உணர்ச்சி திரும்பும்வரை சுடுநீர்ப் போத்தலையும் நொச்சி ஒத்தணத்தையும் அங்கே அணுகவிடலாகாது. தோல் கொப்பளித்த பின்னரே சூடு பட்டது தெரியவரும்.